கான்ட், வோன்ட், மஸன்ட்: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள். கிளியரிங் ஆபீஸில் பில் போடுகிறவர், கன்டெய்னர் யார்டில் கேட்டில் நிற்கிறவர், இப்படி. மீதிப் பேரில் நர்ஸிங் முடித்த பெண்கள் உண்டு, டெலிவரி ஓட்டும் பையன்கள் உண்டு, பிள்ளையின் ஹோம்வொர்க்குக்காகவே சேர்ந்த அம்மாக்களும் உண்டு. எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான்: முடியாது, மாட்டேன், கூடாது, வேண்டாம் என்பதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லும் இடம். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தைகளை ஒலிக்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்கிறேன்.

இத்தனை வார்த்தைகளையும் எப்படி மனப்பாடம் செய்வது?

செய்ய வேண்டியதில்லை. முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், தமிழில். ‘மாட்டேன்’ என்று வாயில் வந்தால் வோன்ட். ‘முடியாது’ என்றால் கான்ட். ‘கூடாது’ என்று கண்டிப்பாகச் சொன்னால் மஸன்ட், புத்திமதியாகச் சொன்னால் ஷுடன்ட். ‘வேண்டியதில்லை’ என்றால் நீடன்ட் அல்லது டோன்ட் ஹாவ் டு. ‘வராமல் இருக்கலாம்’ என்றால் மைட் நாட். கிராமர் புத்தகத்தைத் திறந்தால் மோடல் வெர்ப் என்று தலைப்புப் போட்டு நாலு பக்கத்துக்குக் கட்டம் கட்டியிருப்பார்கள். அதை மூடி வைத்துவிட்டு, சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழ் பிரித்துச் சொல்கிற இடத்தில் நாம் தப்பு செய்வது குறைவு. தமிழில் ஒரே வார்த்தை இரண்டு மூன்று வேலை பார்க்கிற இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். அப்படிப்பட்ட வார்த்தைகளில் முக்கியமானவை மூன்று: வேண்டாம், முடியாது, முடியல.

மஸ்ட் நாட் என்றாலும் நீட் நாட் என்றாலும் ‘வேண்டாம்’தானே?

இதில் ஒருவருக்கு வேலையே போகப் பார்த்தது. கிளியரிங் ஆபீஸில் இருக்கும் என் மாணவர் ஒருவர், கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனதால், ‘டிரைவர் இன்னிக்கு வர வேண்டாம், வீட்டில் ரெஸ்ட் எடுக்கட்டும்’ என்று யார்டு சூப்பர்வைசருக்குச் சொல்ல நினைத்தார். சூப்பர்வைசர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. வாட்ஸ்அப்பில் போன மெசேஜ்: ‘டிரைவர் மஸ்ட் நாட் கம் டுடே.’ அவர் அதை ‘இந்த ஆளை உள்ளே விடக் கூடாது’ என்று படித்துவிட்டு, வண்டி நம்பரோடு கேட்டில் சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலம், கேபினில் விட்டுவந்த டிபன் பாக்ஸை எடுக்க அந்த டிரைவர் போயிருக்கிறார். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து என் மாணவருக்கு போன்: ‘ண்ணா, எம்மேல இன்னா கம்ப்ளைன்ட் குடுத்த?’

நல்ல மனசோடு லீவு கொடுத்தவர் மேல் பழி வந்தது. காரணம் அந்த ஒரு மஸ்ட்.

மஸ்ட் என்றாலும் ஹாவ் டு என்றாலும் ‘வந்தாக வேண்டும்’தான். ‘நாட்’ சேர்ந்தவுடன் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். மஸ்ட் நாட் கம் என்பதில் கட்டாயம் அப்படியே இருக்கிறது, வருவதுதான் மறுக்கப்படுகிறது. வராமல் இருந்தே ஆக வேண்டும், அதாவது வரக் கூடாது. டோன்ட் ஹாவ் டு கம் என்பதில் மறுக்கப்படுவது கட்டாயம். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

நம் ‘வேண்டாம்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கும். போதாததற்கு ‘எனக்குக் காபி வேண்டாம்’ என்பதற்கும் அதுதான் வரும். அந்தக் காபிக்கு ஐ டோன்ட் வாண்ட். ‘தயவுசெய்து வர வேண்டாம்’ என்று கேட்டுக்கொள்வதானால் ப்ளீஸ் டோன்ட் கம். குழப்பம் வந்தால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: மீறி வந்தால் தப்பா? தப்பு என்றால் மஸன்ட். தப்பில்லை, வீண் அலைச்சல், அவ்வளவுதான் என்றால் நீடன்ட். அந்த மாணவர் எழுதியிருக்க வேண்டியது: ‘டிரைவர் நீட் நாட் கம் டுடே.’

மஸன்ட் என்று சொல்கிறீர்கள். மஸ்ட்டன்ட் இல்லையா?

எழுதும்போது எம், யு, எஸ், டி, என், அப்புறம் மேல் கமா, கடைசியில் டி. முதல் டி எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. லிஸன், காஸில் என்று சொல்லும்போதும் நடுவில் இருக்கும் டியை யாரும் உச்சரிப்பதில்லையே, அது மாதிரிதான். காதில் விழுந்தபடி எழுதி எம்-யு-எஸ்-என்-டி என்று முடிக்கிறவர்கள் வகுப்புக்கு ரெண்டு பேராவது இருப்பார்கள்.

மேல் கமாவை எங்கே போடுவது? என்னுக்கு முன்னாலா, பின்னாலா?

அபாஸ்ட்ரஃபி என்பது அதன் பெயர். எங்கள் வகுப்பில் மேல் கமாதான். எழுத்து விழுந்த இடத்தைக் காட்டுவது அதன் வேலை. ‘நாட்’டில் விழுவது ஓ. ஓ இருந்தது என்னுக்கும் டிக்கும் நடுவில். அதனால் கமாவும் என்னுக்கும் டிக்கும் நடுவில்தான். ஷுடன்ட், குடன்ட், வுடன்ட், நீடன்ட், டஸன்ட், எதை எடுத்தாலும் கடைசி டிக்கு முன்னால் கமா. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு கேட்டில் பெயின்டால் ‘டோன்ட் பார்க்’ என்று எழுதியிருக்கிறார்கள். கமா ஓவுக்கும் என்னுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எந்த எழுத்தும் விழவில்லை. ரெண்டு வார்த்தைகள் ஒட்டிய இடம் அது. ஒட்டிய இடத்துக்குக் கமா கிடையாது, விழுந்த இடத்துக்குத்தான்.

கான்ட்டில் இரண்டு எழுத்து விழுந்திருக்கிறது. கேனாட் என்பது சி, ஏ, என், என், ஓ, டி. அதிலிருந்து ஒரு என்னும் ஓவும் போய்விட்டன. வேடிக்கை என்னவென்றால் போன இரண்டையும் சேர்த்துப் படித்தால் ‘நோ’. ‘நோ’ போன பிறகும் அர்த்தம் ‘நோ’தான்.

ஷான்ட்டில் இன்னும் மோசம். ஷேல் நாட் என்பதில் இரண்டு எல்லும் போய், ஓவும் போய்விட்டது. இரண்டு இடத்தில் எழுத்து விழுந்தால் இரண்டு கமா போடுவதுதானே நியாயம் என்று ஒரு காலத்தில் அப்படியும் எழுதினார்கள். ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கேரல் கணக்கு வாத்தியார். அவர் கான்ட், வோன்ட், ஷான்ட் மூன்றுக்கும் விடாப்பிடியாக இரண்டு கமா போட்டார். அது நிலைக்கவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கமா, டிக்கு முன்னால்.

கமா போடாவிட்டால்தான் என்ன? வாட்ஸ்அப்பில் யாரும் போடுவதில்லையே.

வாட்ஸ்அப்பில் உங்கள் இஷ்டம். வேலைக்கு எழுதும் மெயிலில் போடுங்கள். கமா இல்லாத சி-ஏ-என்-டி இங்கிலீஷில் தனி வார்த்தை. மனசில் இல்லாததை வாயால் பேசும் பாசாங்குப் பேச்சு என்று அர்த்தம். கமா இல்லாத டபிள்யூ-ஓ-என்-டிக்கு வழக்கம், பழக்கம் என்று அர்த்தம். இரண்டும் அகராதியில் இருப்பதால், சில நேரம் ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போடாமலே விட்டுவிடும்.

நாடகம் எழுதிய பெர்னார்ட் ஷா கமா பிடிக்காமல் கான்ட், வோன்ட், டோன்ட் எல்லாவற்றையும் கமா இல்லாமலே அச்சுப் போட்டார். அவரே ‘ஐ வில்’ என்பதைச் சுருக்கும்போது கமா போட்டார். போடாவிட்டால் உடம்பு சரியில்லை என்கிற ‘இல்’ ஆகிவிடும். சரி, ஷா எழுதினால் அது ஸ்டைல். நாம் எழுதினால் ஹெச்.ஆரில் ஓரம் கட்டிவிடுவார்கள்.

வில் நாட் எப்படி வோன்ட் ஆனது? வில்லன்ட் என்றுதானே வர வேண்டும்?

நியாயமான கேள்வி, கேட்டது எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். பழைய இங்கிலீஷில் ‘வில்’லுக்கு ‘வோல்’ என்று இன்னொரு வடிவமும் இருந்தது. வோல் நாட் தேய்ந்து வோனாட் ஆகி, அதுவும் தேய்ந்து வோன்ட் ஆனது. ‘வோல்’ செத்துப்போய்ப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அதன் பிள்ளை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் டபிள்யூவுக்கு அடுத்து ஓ, ஐ அல்ல.

இதை வைத்து ஒரு சின்ன சந்தோஷம். ‘வில்’லுக்கு ஆதியில் விரும்புதல் என்று அர்த்தம். எனவே வோன்ட் என்றால் எனக்கு விருப்பமில்லை. நம்முடைய ‘மாட்டேன்’ வந்த வழி வேறு. ‘மாட்டு’ என்றால் செந்தமிழில் இயலுதல், திறமை உடையதாதல். ‘மாட்டாமை’ என்றால் இயலாமை. ‘மாட்டேன்’ என்பதும் முதலில் ‘என்னால் இயலாது’தான். இன்றைக்கு அதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். அவர்கள் ஆசையில் ஆரம்பித்து வந்த இடத்துக்கு நாம் இயலாமையில் ஆரம்பித்து வந்து சேர்ந்திருக்கிறோம்.

வண்டி ‘வோன்ட் ஸ்டார்ட்’ என்று படித்தேன். வண்டிக்கு ஏது மனசு?

‘வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது’ என்று சொல்லும்போது மட்டும் வண்டிக்கு மனசு எங்கிருந்து வந்தது? மழை நாளில் கணேசபுரம் சப்வே தண்ணீரில் இறங்கி ஏறிய பைக்கை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால் என்ன சொல்வீர்களோ, அதையே இங்கிலீஷ்காரனும் சொல்கிறான்: மை பைக் வோன்ட் ஸ்டார்ட். கதவு திறக்க மாட்டேங்குது, த டோர் வோன்ட் ஓப்பன். குழந்தை சாப்பிட மாட்டேங்குது, த சைல்ட் வோன்ட் ஈட். நேற்று நடந்ததென்றால் வுடன்ட். தமிழும் இங்கிலீஷும் இவ்வளவு பொருந்துகிற இடங்கள் குறைவு, தைரியமாகப் பயன்படுத்துங்கள்.

வோன்ட், வாண்ட் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறதே?

‘ஓ’வை நன்றாக நீட்டி, உதட்டைக் குவித்துச் சொல்லுங்கள். அதைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. வாண்ட்டுக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் நடுவில் டு கட்டாயம்: ஐ வாண்ட் டு கம். வோன்ட்டுக்குப் பின்னால் டு வரவே வராது: ஐ வோன்ட் கம். நம் ஆட்கள் டுவை விழுங்கிவிட்டு ‘ஐ வாண்ட் கம்’ என்கிறார்கள். போனில் எதிர்ப்பக்கம் இருக்கிறவருக்கு அது ‘வர மாட்டேன்’ என்றுதான் விழும். இன்டர்வியூ தேதி குறிக்கும் போனில் இப்படி ஆனால் யாரைக் குறை சொல்வது?

கேனாட் என்பது ஒரு வார்த்தையா, இரண்டா?

ஒன்று. சேர்த்தே எழுதுங்கள். ‘நாட்’டோடு இப்படி ஒட்டிக்கொள்வது இது ஒன்றுதான். குட் நாட், வில் நாட், ஷுட் நாட், மஸ்ட் நாட் எல்லாம் இரண்டிரண்டாகத்தான்.

பிரித்து எழுத வேண்டிய இடமும் உண்டு. ‘அவளுக்குச் சமைக்க மட்டுமல்ல, வண்டி ஓட்டவும் தெரியும்’ என்பதை ஷீ கேன் நாட் ஒன்லி குக் பட் ஆல்ஸோ டிரைவ் என்போம். இங்கே நாட் ஒன்லி ஒரு ஜோடி, கேனோடு அதற்குச் சம்பந்தமில்லை. சேர்த்து எழுதினால் அந்தப் பெண்ணுக்குச் சமைக்கவே தெரியாது என்று ஆரம்பித்துவிடும். அதே மாதிரி ‘கல்யாணத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்’ என்று சொல்ல வந்தாலும் யூ கேன் கோ, ஆர் யூ கேன் நாட் கோ என்று பிரிக்க வேண்டும்.

கேன் என்கிறாரா, கான்ட் என்கிறாரா என்று போனில் தெரியவில்லை. என்ன செய்ய?

பிரிட்டிஷ் பேச்சில் கஷ்டமில்லை, கான்ட் என்று ‘ஆ’ நீளமாக வரும். நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருவதும் இதுதான். அமெரிக்கக்காரர் பேசினால்தான் தொல்லை. அவர் ‘கேன்ட்’ என்று ஆரம்பித்துக் கடைசி டியை விழுங்கிவிடுவார். டியைத் தேடாதீர்கள், அழுத்தத்தைக் கேளுங்கள். முடியும் என்று சொல்லும்போது கேன் என்பதை அவர் ‘க்ன்’ என்று நசுக்கிவிட்டு அடுத்த வினைக்குத் தாவுவார்: ஐ க்ன் கம். முடியாது என்றால் ‘கே’ முழுசாக, அழுத்தமாக வரும்: ஐ கேன்(ட்) கம். நீங்கள் பேசும் பக்கம் வம்பே வேண்டாம். கேனாட் என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

‘ஐ கான்ட் ஏபிள் டு’ சரியா?

தப்பு. ஆனால் சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காதில் விழுகிறது! கேன் என்றாலே முடியும். ஏபிள் என்றாலும் முடியும். இரண்டையும் சேர்த்தால் ‘என்னால் முடிய முடியவில்லை’ என்கிற மாதிரி. ஐ கான்ட் ஹியர் யூ என்று சொல்லுங்கள், இல்லையென்றால் ஐம் நாட் ஏபிள் டு ஹியர் யூ. ஏதாவது ஒன்று.

‘முடியல’ என்பதற்கு குடன்ட் போடலாமா?

எப்போது முடியல என்பதைப் பொறுத்தது. ‘முடியல’ என்பது கைகாரத்தனமான வார்த்தை. நேற்று முடியல, இப்போ முடியல, இரண்டுக்கும் அதே முடியல. இங்கிலீஷில் நேற்றென்றால் குடன்ட், இப்போதென்றால் கான்ட்.

வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். அவள் அப்பாவுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் தமிழ் தெரியாதவர். இவள், ‘சார், ஹி குடன்ட் லிஃப்ட் ஹிஸ் ஹேண்ட்’ என்றிருக்கிறாள். டாக்டர் நிதானமாக ‘எப்போ சரியானது?’ என்று கேட்டாராம். சரியாகவே இல்லை! அவள் சொன்னதைக் கேட்ட டாக்டருக்கு, முன்னே தூக்க முடியாமல் இருந்தது, இப்போது தூக்குகிறார் என்று பட்டிருக்கிறது. அவள் உடனே அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி விட்டுக் காட்டினாள், அது தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வலியோ மூச்சுத்திணறலோ இப்போது இருந்தால் கான்ட் என்றே சொல்லுங்கள்: ஹி கான்ட் லிஃப்ட், ஷீ கான்ட் ப்ரீத். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள்.

கூடவே ஒரு சின்ன விஷயம். நேற்று ஒரு தடவை முயன்று முடியாமல் போனதற்கு குடன்ட் தாராளமாகப் போடலாம்: ஐ குடன்ட் கெட் எ டிக்கெட். அதே ஒரு தடவை முயன்று கிடைத்துவிட்டது என்றால் குட் பொருந்தாது, ஐ வாஸ் ஏபிள் டு கெட் எ டிக்கெட் என்று சொல்ல வேண்டும். வழக்கமாக இல்லை என்பதுதான் கஷ்டம், இங்கே ஆமாம் என்பது கஷ்டம்.

‘நீட் நாட் டு கோ’ தப்பா?

தப்பு. நீட் நாட் கோ என்றால் டு இல்லை. டோன்ட் நீட் டு கோ என்றால் டு உண்டு. இரண்டையும் பாதிப் பாதி ஒட்டக் கூடாது. ‘ஹி’ வந்தாலும் நீட் நாட் அப்படியே நிற்கும், எஸ் சேராது. ஹி நீட்ஸ் நாட் என்று கிடையாது.

ஆட் நாட் மட்டும் விதிவிலக்கு, அதற்கு டு வேண்டும்: யூ ஆட் நாட் டு கோ. பேச்சில் அது அரிது. ஷுடன்ட் இருக்கும்போது அதைக் கட்டி இழுப்பானேன்? ஹாட் பெட்டர் என்பதில் நாட் கடைசியில் வரும்: யூ ஹாட் பெட்டர் நாட் கோ. ‘போகாமல் இருப்பது நல்லது’ என்று சொல்கிறோம், ‘போவது நல்லதில்லாமல்’ என்று சொல்வதில்லையே.

மே நாட் என்றால் கூடாதா, வராமல் இருக்கலாமா?

இரண்டும். போர்டில் யூ மே நாட் என்டர் என்றிருந்தால் உள்ளே வரக் கூடாது. ஹி மே நாட் கம் என்று யாராவது சொன்னால் அவர் வராமல் இருக்கலாம். இங்கிலீஷ் ஒரே சட்டையை இரண்டு பேருக்குப் போட்டு விட்டிருக்கிறது. தமிழ் ரொம்பத் தெளிவு. சந்தேகத்தைச் சொல்ல மைட் நாட் போட்டால் குழப்பமே வராது. சுருக்கி மேயன்ட் என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள், அது வழக்கொழிந்து போய்விட்டது.

‘அவரா இருக்க முடியாது’ என்பதற்கு மஸன்ட் பி-யா?

இல்லை, கான்ட் பி. ‘அவராகத்தான் இருக்கணும்’ என்றால் மஸ்ட் பி என்பது சரி. அதற்கு எதிர்ப்பதம் கான்ட் பி. கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. ‘அப்பாவா இருக்காது, அவர் காசிமேட்டுக்கு மீன் வாங்கல்ல போயிருக்கார்’ என்றால் இட் கான்ட் பி அப்பா. அமெரிக்காவில் மஸ்ட் நாட் பி என்றும் ஊகமாகச் சொல்வார்கள். நாம் கான்ட் பி-யிலேயே இருப்போம்.

வந்திருக்கக் கூடாது, வந்திருக்க முடியாது, வந்திருக்க வேண்டியதில்லை... இதெல்லாம்?

இங்கே தமிழ் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ‘வந்திருக்க’ என்றால் ஹாவ் கம். முன்னால் வேண்டியதைப் போடுங்கள். வந்திருக்கக் கூடாது, ஷுடன்ட் ஹாவ் கம். வந்திருக்க முடியாது, குடன்ட் ஹாவ் கம் அல்லது கான்ட் ஹாவ் கம். வந்திருக்க மாட்டார், வோன்ட் ஹாவ் கம். வராமல் இருந்திருக்கலாம், மைட் நாட் ஹாவ் கம்.

நீடன்ட் ஹாவ் என்பதற்குத் தனி ருசி உண்டு. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர் ஒரு பை நிறைய ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கி வருவார். வாங்கிக்கொண்டே ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்போம் இல்லையா? அதுதான் யூ நீடன்ட் ஹாவ். செய்தாகிவிட்டது, ஆனால் அவசியமில்லை. டிடன்ட் நீட் டு என்றால் அவசியம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும், செய்தாரா இல்லையா என்பது அதில் இல்லை.

ஸ்பெல்லிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. வேகமாகப் பேசும்போது குடன்ட் ஹாவ் என்பது ‘குடன்டவ்’ என்று கேட்கும். அதைக் கேட்டுவிட்டு ஹாவுக்குப் பதில் ஓ-எஃப் எழுதிவிடுவார்கள். இங்கிலாந்தில் பிறந்தவர்களே நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அதனால் சரியாகிவிடாது.

ஷேல் நாட், ஷான்ட் எல்லாம் இப்போது யாராவது பேசுகிறார்களா?

ஷான்ட் இங்கிலாந்தில் வயதானவர்கள் வாயில் வரும், அமெரிக்காவில் கிட்டத்தட்ட இல்லை. ஷேல் நாட் சட்டத்தில் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் சமத்துவத்தை அரசு யாருக்கும் மறுக்கக் கூடாது என்பதை ‘ஷேல் நாட் டினை’ என்றுதான் சொல்கிறது. 15-ஆம் பிரிவில் ‘ஷேல் நாட் டிஸ்கிரிமினேட்’. இது எதிர்காலம் அல்ல, கட்டளை. ராயபுரத்திலிருந்து வரும் ஒரு அம்மா இதைக் கேட்டதும், ‘கொலை செய்யாதிருப்பாயாக மாதிரியா சார்?’ என்றார். அதே மாதிரிதான். அந்தப் பத்துக் கட்டளையின் பழைய இங்கிலீஷில் இருப்பது ஷேல்ட் நாட்.

வேலைக்கு எழுதும் லெட்டரில் சுருக்கி எழுதலாமா?

வேண்டாம். கேனாட், வில் நாட், குட் நாட் என்று விரித்தே எழுதுங்கள். பேசும்போது சுருக்குங்கள். விரித்தே பேசினால் கோபமாக இருப்பதுபோல் கேட்கும்.

‘கான்ட் யூ கம்?’ என்று கேட்டால், வர முடியாதவர் யெஸ் சொல்வதா, நோ சொல்வதா?

நோ. இதில் இங்கிலீஷும் தமிழும் எதிரெதிர்த் திசை. ‘உன்னால் வர முடியாதா?’ என்று தமிழில் கேட்டால் ‘ஆமாம், முடியாது’ என்கிறோம். நம் ‘ஆமாம்’ கேட்கிறவரின் பேச்சுக்கு ஒப்புதல்: நீ சொல்வது சரி என்று. இங்கிலீஷ் ‘யெஸ்’ கேள்வியைக் கண்டுகொள்ளாது, விஷயத்தை மட்டும் பார்க்கும். வருவேன் என்றால் யெஸ், வரவில்லை என்றால் நோ, கேள்வி எப்படி இருந்தாலும். எனவே ‘யெஸ், ஐ கான்ட்’ என்று ஒரு பதில் இங்கிலீஷில் கிடையாது. யெஸ் என்றால் பின்னால் ஐ கேன். நோ என்றால் பின்னால் ஐ கான்ட்.

வெறும் யெஸ், வெறும் நோ சொல்லாமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்லிவிடுவதுதான் பத்திரம். வகுப்பில் இதை நாற்பது தடவை சொல்லியிருப்பேன். போன மாசம் ஒரு கூரியர் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் போன்: வோன்ட் யூ பி அட் ஹோம் டுடே? நான் அன்றைக்கு நாள் முழுக்க வெளியே. ‘யெஸ்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். மத்தியானம் பார்சல் வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தது.